பெரிய நாய்க்கு யாரிடம் பயிற்சி? குழு வகுப்பு, தங்கல் பயிற்சி, வீட்டுப் பயிற்சி: ஓர் ஒப்பீடு

5 கிலோ எடையுள்ள நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு குரைத்தால் எதிரில் வருபவர் புன்னகைத்துவிட்டுப் போய்விடுவார். அதே காரியத்தை 42 கிலோ நாய் செய்தால் அவர் சாலையைக் கடந்து மறுபுறம் போவார், கயிற்றைப் பிடித்திருப்பவர் தோள்வலியோடு வீடு திரும்புவார். என்னிடம் இருப்பது அந்த இரண்டாம் வகை: ஷெப்பர்டு கலப்பு, ஆண், இரண்டு வயதில் வேறொரு வீட்டிலிருந்து வந்தவன். பெரிய நாயை வளர்ப்பவர்கள் தொழில்முறைப் பயிற்சியைத் தேடத் தொடங்குவது பெரும்பாலும் ஏதாவது ஒரு நாள் கயிறு கையிலிருந்து நழுவிய பிறகுதான். அந்தப் பதற்றத்தில் தேடும்போது யார் மிக உறுதியாகப் பேசுகிறாரோ அவரையே நம்பிவிடுகிறோம். குழு வகுப்பு, நாயைப் பயிற்சியாளரிடமே சில வாரங்கள் விட்டுவைக்கும் தங்கல் பயிற்சி, வீட்டுக்கு வந்து கற்றுத்தரும் தனிப் பயிற்சி ஆகிய மூன்றையும் இந்த ஒரே நாயோடு நான் கடந்திருக்கிறேன். அவற்றை ஒப்பிட இப்போது நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: பயிற்சி முடிகிற நாளில் அந்த வீட்டில் கயிற்றைப் பிடிக்கப்போகும் ஒவ்வொருவரும், குறிப்பாக அவர்களுள் உடல்வலு குறைந்தவர், என்ன கற்றிருப்பார்?

ஒப்பீட்டில் இறங்குமுன் நாயின் சிக்கல் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆள்மேல் தாவுவது, கயிற்றை இழுப்பது, கூப்பிட்டால் வராதது ஆகியவை பெரும்பாலும் கற்றுக்கொடுக்கப்படாததன் விளைவுகள். வேற்று நாயையோ அறிமுகமில்லாத மனிதரையோ கண்டதும் பாய்ந்து குரைப்பதன் அடியில் பெரும்பாலும் அச்சம் இருக்கிறது. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் இன்று தொட்டால் உறுமுகிறது என்றால் முதலில் வலியைச் சந்தேகிக்க வேண்டும். நடத்தைச் சிக்கலுக்காக நிபுணர்களிடம் அனுப்பப்படும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வகை வலியும் இருப்பதாக டேனியல் மில்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2020இல் மதிப்பிட்டார்கள். பெரிய இன நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சாதாரணமாக வருவது. காதுத் தொற்றும் பல்வலியும் எந்த நாய்க்கும் வரக்கூடியவை. ஆகவே எந்தப் பயிற்சியாளருக்கும் முன்பணம் கொடுக்குமுன் கால்நடை மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்வதை நான் ஒரு விருப்பத் தேர்வாகவே கருதவில்லை.

கடித்த நாய் என்றால் கடியின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். கால்நடை மருத்துவரும் பயிற்சியாளருமான இயன் டன்பார் வகுத்த ஆறு படி அளவீடு இதற்கு உதவுகிறது. முதல் படியில் பல் தோலில் படுவதே இல்லை. இரண்டாம் படியில் பட்டாலும் துளை விழுவதில்லை. மூன்றாம் படி என்பது ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்காதவை. அதைத் தாண்டி ஆழமாக இறங்கினால் நான்காம் படி, பல கடிகள் விழுந்தால் ஐந்து, உயிர் போனால் ஆறு. முதல் இரண்டு படிகளில் நிற்கும் நாய் பாய்ந்து வந்தும் தன் தாடையை அடக்கிக்கொண்டிருக்கிறது. அதற்குத் திறமையான பயிற்சியாளர் போதும். மூன்றாம் படிக்கு அனுபவம் மிக்க ஒருவரின் தனிக் கவனம் வேண்டும். நான்காம் படியைத் தொட்ட நாய்க்கு, அதிலும் அது பெரிய நாய் என்றால், கீழே சொல்லப்போகும் வழிகளில் முதல் மூன்றையும் தனித்து நம்பக்கூடாது.

குழு வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செலவு குறைவு, பிற நாய்களும் மனிதர்களும் சூழ்ந்த இடத்தில் நாய் கவனத்தைத் திரட்டக் கற்றுக்கொள்கிறது, கயிற்றைப் பிடிப்பது நாமே என்பதால் கற்றுக்கொள்வதும் நாமே. ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடைப்பட்ட, அடங்காத துள்ளலைத் தவிர வேறு குறை இல்லாத பெரிய நாய்க்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பேன். அந்த வயதில் நாய் நம் சொல்லைக் கேட்காமல் போவது வளர்ப்பின் தோல்வி என்று எண்ணிக் கலங்க வேண்டாம். வளரிளம் பருவ நாய்கள் ஏறத்தாழ எட்டு மாத வயதில் தம்மை வளர்ப்பவரின் கட்டளைக்கே குறிப்பாகச் செவிசாய்க்க மறுப்பதையும் பின்னர் அது சரியாவதையும் லூசி ஆஷர் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் பிற நாய்களைக் கண்டு அஞ்சும் நாயை ஆறேழு நாய்கள் நிற்கும் கூடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவது, நீரைக் கண்டு நடுங்கும் குழந்தையை ஆழமான கிணற்றில் இறக்கி நீச்சல் கற்றுத்தருவதற்கு ஒப்பானது. அச்சம் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் நாய் எதையும் கற்பதில்லை. கையில் நீட்டிய இறைச்சித் துண்டைக்கூட முகர்ந்து பார்ப்பதில்லை. என் நாய் முதல் வகுப்பில் நாற்பது நிமிடமும் குரைத்தான், இரண்டாம் வகுப்பில் வாசலைத் தாண்டவே மறுத்தான். மூன்றாம் வகுப்புக்கு நாங்கள் போகவில்லை.

அடுத்து நான் நாடியது தங்கல் பயிற்சியை. பெரிய, கட்டுக்கடங்காத நாயை வைத்திருப்பவர்களை மிக எளிதில் ஈர்ப்பது இதுதான்; எனவே இதை விரிவாகப் பார்க்க வேண்டும். இரண்டு முதல் ஆறு வாரம்வரை நாய் பயிற்சியாளரின் இடத்தில் இருக்கும், திரும்பி வரும்போது பயிற்சி பெற்ற நாயாக வரும் என்பது ஒப்பந்தம். உடல் ஓய்ந்து, அண்டை வீட்டாரின் புகாரால் மனமும் ஓய்ந்து நிற்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாகத் தோன்றும் என்பதை நான் அறிவேன். ஒரு நாளில் பலமுறை, தேர்ந்த கைகளால், பிசிறில்லாத நேரக் கணக்கோடு பயிற்சி தரப்படுவதால் சில அடிப்படைத் திறன்கள் வேகமாக வருவதும் உண்மையே.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. நாய் ஒன்றைக் கற்கும்போது அந்தச் சொல்லை மட்டும் கற்பதில்லை. சொன்னவரின் குரல், நின்ற இடம், தரையின் தன்மை, சுற்றியிருந்த வாசனை எல்லாவற்றையும் சேர்த்தே கற்கிறது. வேறொருவரின் முற்றத்தில் அவர் கையசைவுக்கு அமர்ந்த நாய், நம் வீட்டு வாசலில் அழைப்பு மணி ஒலிக்கும்போது நம் சொல்லுக்கு அமரும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. கற்றதை இடம் மாற்றி, ஆள் மாற்றிப் பழக்குவது தனியான வேலை. அது நடக்க வேண்டிய இடம் நம் வீடும் நம் தெருவும்தான். பல நிலையங்கள் ஒப்படைக்கும் நாளில் ஒரு மணி நேரம் செய்முறை காட்டிவிட்டு அனுப்பிவிடுகின்றன.

இதைவிடக் கவலைக்குரியது, அந்த வாரங்களில் நாய்க்கு என்ன நடந்தது என்பதை நாம் காண்பதில்லை என்பது. நான் விட்டுவைத்த நிலையத்திலிருந்து மூன்றாம் வாரத்தில் என் நாயை அழைத்துவந்தபோது அவன் குரைக்கவில்லை, இழுக்கவில்லை, தாவவில்லை. வீட்டார் அனைவரும் வியந்தோம். மறுநாள் காலை கயிற்றின் கொக்கியைக் கழுத்துப்பட்டையில் மாட்டியபோது அந்தச் சிறு உலோக ஒலிக்கு அவன் வயிறு தரையில் படப் படுத்தான். காதுகள் தலையோடு ஒட்டின. கண்ணின் வெள்ளை ஓரம் பிறைபோலத் தெரிந்தது. அவனுக்கடியில் ஈரம் பரவியது. அமைதி என்று நாங்கள் கொண்டாடியது என்ன என்பது எனக்கு அப்போதுதான் புரியத் தொடங்கியது. உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967இல் வெளியிட்ட சோதனையில், தப்ப முடியாத மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்கள் பின்னர் தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற நிலையிலும் பெரும்பாலும் முயலாமல் கிடந்தன. அந்நிலைக்கு அவர்கள் இட்ட பெயரைக் கற்றுக்கொண்ட கையறுநிலை என்று தமிழில் சொல்லலாம். எதைச் செய்தாலும் தண்டனை என்று கற்ற நாய் எதையும் செய்யாமல் இருக்கும். தொலைவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நல்லொழுக்கமாகவே தெரியும். ஏறத்தாழ ஐந்து வாரத்தில் பழைய குரைப்பு திரும்பியது, கூடவே முன்பு இல்லாத ஒன்றும் வந்தது: உறுமாமலே பாய்வது.

தங்கல் பயிற்சியே கூடாது என்று இதை வைத்து நான் முடிவுகட்டவில்லை. வளர்ப்பவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தேறிவரும் காலத்தில், கயிற்றோடு நடப்பது, வாய்மூடியை ஏற்றுக்கொள்வது போன்ற திறன்களுக்கு அது பயன்படும். அப்போதும் முன்னறிவிப்பின்றி நேரில் வந்து பார்க்கும் உரிமை, ஒவ்வொரு நாளும் வெட்டி ஒட்டப்படாத காணொளி, பயிற்சியில் பயன்படும் கருவிகளின் எழுத்துப்பூர்வமான பட்டியல், திரும்பிய பின் நம் வீட்டிலேயே குறைந்தது நான்கைந்து பாடங்கள் ஆகியவற்றுக்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் நாயை விடாதீர்கள். அச்சத்தால் பாயும் நாயை, இவை அனைத்தும் இருந்தாலும், தன் வீட்டையும் தன் மனிதர்களையும் விட்டுப் பிரித்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த மூன்று வழிகளுள் மிக மெதுவானது, பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து கற்றுத்தருவதுதான். பாடத்துக்கான கட்டணத்தைப் பார்த்தால் குழு வகுப்பைவிடப் பல மடங்கு கூடுதல். ஆனால் என் அளவுகோலில் இதுவே முதலிடம் பெறுகிறது. எங்களிடம் வந்தவர் முதல் அரைமணி நேரம் நாயைத் தொடவே இல்லை. கூடத்தின் ஓரத்தில் பக்கவாட்டாக அமர்ந்துகொண்டு, சன்னலின் எந்தப் பகுதியிலிருந்து தெரு தெரிகிறது, அவன் எங்கே உறங்குகிறான், யார் உணவு வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல் வெளியே போகச் சொல்லி, சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தார். எதிரில் நாய் தெரிந்த கணத்தில் நான் கயிற்றைக் கைமுட்டியில் இருமுறை சுற்றிக்கொள்கிறேன் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அவ்வாறு சுற்றும்போது கயிறு ஒரு சாண் குறைகிறது, கழுத்துப்பட்டை தொண்டையில் ஏறுகிறது, நாய் எதிரே பார்க்கிறது. அவன் இன்னும் எதையும் காணாதபோதே ஆபத்து வருகிறது என்று என் கை அவனுக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. இதை எந்தத் தங்கல் நிலையமும் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் என் கை அங்கே போகவில்லை.

அதன் பிறகு நடந்தது பெரும்பாலும் தொலைவைப் பற்றிய பயிற்சி. வேற்று நாய் தெரிந்தும் எங்கள் நாய் கலங்காமல் நிற்கக்கூடிய தொலைவு முதல் வாரத்தில் ஏறத்தாழ 40 மீட்டர். அங்கே நின்றுகொண்டு, எதிர் நாய் கண்ணில் பட்டவுடன் ஓர் இறைச்சித் துண்டு, மறைந்தவுடன் எதுவும் இல்லை, அவ்வளவுதான் பாடம். எதிர் நாயைக் கண்டதும் அவனே தலையைத் திருப்பி எங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகே இரண்டு மூன்று மீட்டர் நெருங்கினோம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய என் தாயாரும் பாடங்களில் நின்றார். கயிறு எப்போதும் கீழ்நோக்கித் தொங்கும் வளைவாக இருக்க வேண்டும் என்பதையும், திடீரென ஒரு நாய் தெருமுனையில் தோன்றினால் இழுக்காமல் இனிய குரலில் அழைத்தபடி வந்த வழியே திரும்பிவிட வேண்டும் என்பதையும் அவர் எங்களைவிட விரைவாகக் கற்றார். நான்கு மாதத்தில் அந்தத் தொலைவு 12 மீட்டராகக் குறைந்தது. விளம்பரத்துக்கு உதவாத அளவு சிறிய முன்னேற்றம்தான். ஆனால் நாங்கள் தெருவில் நடக்க அது போதுமானதாக இருந்தது.

இதன் கிளைகளாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாம் வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளையில் பயிற்சியாளர் வந்து நம் வீட்டிலேயே நாய்க்குப் பழக்கிவிட்டு வாரம் ஒருமுறை நமக்குக் கற்றுத்தருவது. நேரமில்லாத குடும்பங்களுக்கு இது தங்கல் பயிற்சியைவிடப் பன்மடங்கு மேல். மற்றொன்று காணொளி அழைப்பு வழியாக வழிநடத்துவது. அறிமுகமில்லாதவர் வீட்டுக்குள் வந்தாலே கலவரப்படும் நாய்க்கு, பயிற்சியாளர் திரையில் மட்டும் இருப்பது நன்மையாகவே முடிகிறது. ஆனால் கயிற்றைக் கையாளும் பிழைகளைத் திரை எளிதில் காட்டாது, கடித்த வரலாறு உள்ள நாய்க்கு இது மட்டும் போதவும் போதாது.

நான்காவது வழி, விலங்கு நடத்தையில் சிறப்புத் தகுதி பெற்ற கால்நடை மருத்துவர். இவரைப் பயிற்சியாளருக்கு மாற்றாகப் பார்ப்பது தவறு. இருவரும் சேர்ந்தே இயங்க வேண்டியவர்கள். நோயையும் வலியையும் பிரித்தறிவதும் மருந்து தருவதும் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியவை. ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்துகள் நாயை மந்தமாக்கிப் படுக்கவைப்பதற்காகத் தரப்படுவதில்லை. எப்போதும் விளிம்பில் நிற்கும் அச்சத்தைச் சற்றுக் கீழே இறக்கி, கற்பதற்கு இடம் உண்டாக்குவதே அவற்றின் பணி. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம்வரை ஆகும் என்பதால் முதல் வாரத்திலேயே மனம் தளர்ந்து நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் எந்தக் காலத்திலும் நிறுத்தக் கூடாது. ஆழமாகக் கடித்த நாய், வீட்டாரையே கடித்த நாய், உறக்கத்திலும் திடுக்கிட்டு எழும் நாய் ஆகியவற்றுக்கு முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் குறுக்கே ஓடும் மற்றொரு கேள்வி, பயிற்சியின் முறை பற்றியது. பெரிய நாய்க்கு இறைச்சித் துண்டும் பாராட்டும் போதாது, நீதான் தலைவன் என்று காட்ட வேண்டும் என்று சொல்பவர்கள் இன்னும் பலர். இந்தக் கருத்தின் வேர், அடைத்துவைக்கப்பட்ட, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காக மோதிக்கொள்வதாக ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய ஆய்வில் இருக்கிறது. அதைத் தம் நூலின் வழியே பரவச் செய்த ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்த பின், இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் குட்டிகளும் கொண்ட குடும்பம் என்று 1999இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த 140 நாய் உரிமையாளர்களிடம் கேட்டு 2009இல் வெளியான ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்தவர்களில் 43 விழுக்காட்டினரும், மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் 31 விழுக்காட்டினரும் நாய் பதிலுக்குச் சீறியதாகச் சொன்னார்கள். 5 கிலோ நாய் பதிலுக்குச் சீறுவதும் 42 கிலோ நாய் சீறுவதும் ஒன்றல்ல. நாய் பெரிதாக ஆக, அதனோடு மல்லுக்கு நிற்கும் முறையின் ஆபத்தும் பெரிதாகிறது.

மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டைக்கும் இதே பதில்தான். கூப்பிட்டால் வராத 63 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்து லிங்கன் பல்கலைக்கழகத்தினர் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், மின்பட்டை அணிந்த குழு வெகுமதியால் பயின்ற குழுவைவிட எதிலும் மேம்பட்டுவிடவில்லை. அதே ஆண்டு போர்ச்சுகலில் 92 நாய்களைக் கவனித்த ஆய்வு, தண்டனை மிகுந்த பள்ளிகளின் நாய்களிடம் உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல் போன்ற பதற்றக் குறிகளும் உமிழ்நீரில் மனஅழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசாலின் அளவும் கூடியிருந்ததைப் பதிவு செய்தது. வேல்ஸ் 2010இலேயே மின்பட்டையைத் தடை செய்துவிட்டது. உறுமலைத் தண்டிப்பதில் மற்றொரு கேடும் உண்டு. உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை அடக்கினால் அச்சம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் மறைந்துவிடும். என் நாய் உறுமாமல் பாயத் தொடங்கியது அப்படித்தான் என்று பின்னர் வந்த பயிற்சியாளரும் மருத்துவரும் சொன்னார்கள். உறுமலை அவனுக்குத் திரும்பக் கொடுக்கவே எங்களுக்கு ஏழெட்டு வாரம் ஆனது. அது கேட்ட முதல் நாளில் நான் மகிழ்ந்தேன்.

வழியையும் முறையையும் முடிவு செய்த பின் மிஞ்சுவது ஆளைத் தேர்வது. பெரும்பாலான இடங்களில் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்டிக்கொள்ளத் தேர்வோ உரிமமோ தேவையில்லை. 2001இல் தொடங்கப்பட்ட தொழில்முறை நாய்ப் பயிற்சியாளர் சான்றளிப்புக் குழுமம் போன்ற சில அமைப்புகள் குறைந்தது 300 மணி நேர அனுபவத்தையும் எழுத்துத் தேர்வையும் கேட்டே சான்று தருகின்றன. அத்தகைய சான்று இருப்பது நல்லது, ஆனால் அது மட்டுமே போதாது. என் நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும், தவறாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும் என்று நேரடியாகக் கேளுங்கள். இரண்டாம் கேள்விக்கு ஆற்றல், சமநிலை, திருத்தம் என்று பொதுச் சொற்களால் பதில் வந்தால், எந்தக் கருவி, உடலின் எந்தப் பகுதியில், எவ்வளவு அழுத்தமாக என்று மீண்டும் கேளுங்கள். நாயில்லாமல் போய் ஒரு பாடத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே நாய்களின் வால்களையும் வாய்களையும் கவனியுங்கள். இத்தனை நாளில் முழுமையாகச் சரியாகிவிடும் என்று உறுதிமொழி தருபவரைத் தவிர்த்துவிடலாம். உயிருள்ள ஒன்றின் நடத்தைக்கு நேர்மையான எவரும் அப்படி உறுதி தருவதில்லை. இது என் திறனுக்கு மேற்பட்டது என்று சொல்லி மருத்துவரிடம் அனுப்பிய ஒரு பயிற்சியாளரை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நாய் வந்தாலும் அவரிடம்தான் முதலில் போவேன்.

பணமும் நேரமும் ஒரு வழிக்கு மட்டுமே இடம் தருமானால், உடல் பரிசோதனைக்குப் பிறகு வீட்டுப் பயிற்சியில் நான்கைந்து பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை இரண்டு வார இடைவெளியில் பரப்பி, இடையில் ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் பழகுவது மூன்று வாரத் தங்கல் பயிற்சியைவிட மேலானது என்பது என் முடிவு. நாய் இளையது, நட்பானது என்றால் குழு வகுப்பே போதும். மிச்சமாகும் பணத்துக்கு நெஞ்சின் முன்புறம் கொக்கி உள்ள நல்ல ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் உடலைச் சுற்றி மாட்டும் வார்) ஒன்றை வாங்குங்கள். கயிறு முன்புறத்தில் மாட்டப்படும்போது, இழுக்கும் நாய் பக்கவாட்டில் திரும்பிவிடுவதால், எடை குறைந்தவரும் பெரிய நாயைப் பிடித்து நிறுத்த முடிகிறது.

நல்ல பயிற்சியாளரிடமும் நடத்தை மருத்துவரிடமும் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பது வழக்கம். அந்த இடைக்காலத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. தெரு தெரியும் சன்னலின் கீழ்ப்பாதியை ஒளி மட்டும் ஊடுருவும் தாளால் மூடுங்கள். நெரிசலான வேளையைத் தவிர்த்து விடியலுக்கு முன்போ இரவிலோ நடத்திச் செல்லுங்கள். நடைக்குப் பதிலாகச் சில நாள் வீட்டுக்குள்ளேயே உணவை ஒளித்துவைத்துத் தேடச் செய்தாலும் நாய்க்குக் குறை இல்லை. வாசற்கதவுக்கும் கூடத்துக்கும் இடையே ஒரு தடுப்பு வையுங்கள். வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்மூடியை வாங்கி, முதல் வாரம் கட்டாமல், அதன் உட்புறத்தில் உணவைத் தடவி நாய் தானே மூக்கை நுழைக்கும்வரை காத்திருங்கள். வாரை மாட்டுவது அதற்குப் பிறகு, ஒரு நாளைக்குச் சில நொடிகளாகத் தொடங்கலாம். பாயும் வாய்ப்பு கிடைக்கும் ஒவ்வொரு முறையும் நாய் பாய்வதைப் பழகிக்கொள்கிறது; பயிற்சியாளர் வரும் நாள்வரை அந்த வாய்ப்பைக் குறைத்துவைத்தால் அவர் அவிழ்க்க வேண்டிய முடிச்சுகளில் சில குறையும்.